அலமாரிக்கு அடியில் மாவு

பள்ளிப்பட்டுக்கு மாற்றல் என்று தாள் வந்த அன்று
எனக்கு வெயில் நினைவுக்கு வரவில்லை.
கரப்பான்தான் வந்தது.
விளக்கணைத்த பின்
முகத்துக்கு நேரே பறந்து வரும் என்று
கருவூலத்தில் கீழ்நாட்டுக்காரர் ஒருவர்
சிரித்துக்கொண்டே சொன்னார்.
அந்தச் சிரிப்புதான் பயம்.

கோத்தகிரியில் எனக்கு அட்டையைத் தெரியும்.
ஆடி மழையில் கெண்டைக்காலிலிருந்து
பேச்சை நிறுத்தாமலே பிய்த்து எறிவேன்.
அட்டை வீட்டில் குடியிருக்காது.
சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் என்று
அதற்குத் தெரியாது.

வசம்பு வாங்கினேன். கற்பூரம்.
எறும்புக்குச் சாக்குக்கட்டி ஒரு டஜன்.
தேள் கடித்தால் எந்த ஆஸ்பத்திரி என்று
காலண்டருக்குப் பின்னால் எழுதிவைத்தேன்.
தேள் பூச்சியே இல்லை என்றார் அவர்,
ஃபேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டே.
அவர் வரப்போவதில்லை. பேசலாம்.

இளவேனில், எட்டு வயது, கேட்டாள்:
"அங்க இருக்கற பூச்சிக்கெல்லாம்
நாம வர்றது தெரியுமா?"

லாரிக்காரர் சித்தூர் வழியாகச் சுற்றினார்.
இரண்டு செக்போஸ்ட்.
அரிசி மூட்டை உண்டா, பாட்டில் உண்டா என்று
பாத்திரப் பெட்டியைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள்.
சில்வர் ஓக் அலமாரியை
யாரும் திறக்கச் சொல்லவில்லை.

முதல் வாரம் தூங்கவில்லை.
டார்ச்சும் துடைப்பமும் தலைமாட்டில்.
ஜன்னல் விளிம்பெல்லாம் சாக்குக்கோடு,
கொலை நடந்த இடம் மாதிரி.
வந்தது ஒரே ஒரு கரப்பான்.
மல்லாந்து கிடந்தது,
எனக்கு முன்பே யாரோ மிரட்டியதுபோல.
ஒரு குளவி, ஸ்விட்ச்போர்டுக்கு மேல்
ஈரமண் கொண்டுவந்து அப்பிவிட்டுப் போனது.
குளவி கட்டினால் பிள்ளை பிறக்குமாம்.
நாற்பத்தாறு வயதில் தனியாகச் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுச் செங்கம்மா
வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.
பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்,
முழுச் சங்கடம்.
"ஏம்மா, கோவிச்சுக்காதே.
பத்து மணிக்கு பவர்லூம் நின்னதும்
எங்க சுவத்துக்குள்ள கிர்ரு கிர்ருன்னு
என்னமோ கொறிக்குது.
உங்க பக்கத்துலருந்துதான் வருது."

அலமாரியை நகர்த்தினோம்.
சலித்த கடலைமாவு போல
தரையில் ஒரு சின்ன மேடு.
பலகையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள்.
எத்தனை வருஷமாகவோ.
மலையில் மழைச் சத்தத்துக்கு அடியில்
அது எனக்குக் கேட்டதே இல்லை.

"மூத்தவ சீருக்கு மாமரக் கட்டில்
வாங்கி வச்சிருக்கேன்" என்றாள் செங்கம்மா.
வேறெதுவும் சொல்லவில்லை.
அவள் வீட்டு ஜன்னலில் அன்றைக்குத்தான் பார்த்தேன்,
விளிம்பெல்லாம் வேப்பிலைக் கொத்து.
புதிது. எங்கள் பக்கம் மட்டும்.

மருந்துக்கடையில் கேட்டதற்கு,
"இந்த வெயில்ல உங்களுக்கு எதுக்கும்மா மருந்து?"
என்று அனுப்பிவிட்டார்கள்.
செங்கம்மாவின் தம்பி கோதண்டன் ஒரு முனை,
நானும் அவளும் மறுமுனை;
மாடிப்படி திரும்புகிற இடத்தில் விரல் நசுங்கி
மொட்டைமாடிக்கு ஏற்றினோம்.
கதவைத் திறந்து, தட்டுகளைக் கழற்றி,
நகரி மலையைப் பார்க்க நிறுத்தினோம்.
சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம்
ஒரு துளையிலிருந்து கருப்பாக, எள்ளளவு,
ஒன்று வெளியே வந்தது.
நாலடி நடந்தது. நின்றுவிட்டது.
இளவேனில் குனிந்து
தன் நிழலை அதன்மேல் விழவைத்தாள்.
நான் தடுக்கவில்லை.

வடாம் காயவைக்க வந்த செங்கம்மா
முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னாள்:
"மலையில பொறந்தது இல்லியா.
தாங்காது, பாவம்."

யாரைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.
தண்ணீர்த் தொட்டியின் நிழல்
ஒரு முழம்தான் இருந்தது.
அதற்குள் நகர்ந்து நின்றேன்.